முதலில் கேட்ட சத்தம்

என் வேலையில் எனக்கு ஒரு விதி உண்டு. "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா வந்துச்சு" என்று யார் சொன்னாலும், அவர்தான் ஏதோ பண்ணியிருக்கிறார். ஒன்பது வருடமாக ஒரு பில்லிங் மென்பொருள் கம்பெனியின் உதவி மையத்தில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர். அதில் முப்பது பேருக்கு ஒரே வியாதி: அப்டேட் இறங்க மாட்டேன் என்கிறது, அனுமதி இல்லை என்கிறது. வேறு பிரௌசரில் திறந்து பாருங்கள், வைஃபையை அணைத்து மொபைல் நெட்டில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்படிப்பட்ட நான், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் லேப்டாப்பில் அதே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்தப் பதிவிறக்கத்துக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. கணக்கின் உரிமையாளரை அணுகவும்."

உரிமையாளர் யார் என்றும் கீழே போட்டிருந்தது. மின்னஞ்சல் முகவரியின் முதல் இரண்டு எழுத்து, நடுவில் நட்சத்திரங்கள், கடைசியில் ஒரு எண். அந்த எண் எங்கள் வீட்டு வாண்டு பிறந்த வருடம். அந்த நட்சத்திரங்களுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறாள் என்று எனக்கா தெரியாது? என் கணவருடைய முதல் மனைவி. வாண்டைப் பெற்றவள்.

என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் மூத்தவள் அவள்தான், இளையவள் நான். இந்தக் கணக்கு மட்டும் எந்தக் கம்ப்யூட்டராலும் தீராது.

வாண்டுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். அதைக் கழற்றினால் உலகமே அவளுக்கு ஊமைப்படம். தினமும் அதைத் துடைப்பவள் நான். சின்ன பிரஷ்ஷால் அழுக்கெடுப்பவள் நான். படுக்கும்போது ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்து மூடுபவளும், ஸ்கூல் பையில் மாற்று பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பவளும் நான். பெற்றவள் வெளியூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். வாண்டுக்கு ஏற்ற ஸ்கூல் இங்கேதான் இருக்கிறது என்பதால் பிள்ளை எங்களோடு இருக்கிறது. அவள் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவாள். வந்தால் வாண்டு என்னைத் திரும்பியும் பார்க்காது. உரிமையாளர் மட்டும் அவள்.

விஷயம் இதுதான். ஸ்கூலில் டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மைக்கை எல்லாம் போன வாரம் மாற்றிவிட்டார்கள். அந்த மைக்கில் பேசினால் நேராக மெஷினுக்குள் கேட்கும், வகுப்பின் இரைச்சல் இருக்காது. ஆனால் புது மைக்கோடு பேச மெஷினுக்குப் புது அப்டேட் வேண்டும். திங்கட்கிழமை டிக்டேஷன் பரீட்சை. போன வாரம் மைக் இல்லாமல் எழுதி இருபதுக்கு நாலு வாங்கி வந்து, பேப்பரை எட்டாய் மடித்து என் கையில் வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத சித்தி" என்றாள். இன்னொரு நாலு வந்தால் கீழ்ப்பிரிவுக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மிஸ் டைரியில் எழுதியிருந்தார்.

எனவே காலையிலேயே மெஷினைக் கழற்றி சார்ஜரில் வைத்து, கேபிளைச் சொருகி, "தொடங்கு" என்று அழுத்தினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். முதலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பழையதைத் தொடுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், என் வீட்டில் அதைச் செய்யவில்லை. மெஷின் பழைய மென்பொருளை அழித்துவிட்டு, புதியதுக்காக ஆரஞ்சு விளக்கோடு காத்திருக்கத் தொடங்கியது. புதியதைக் கேட்டால் எனக்கு அனுமதி இல்லை. இப்போது புது மைக் என்ன, எந்தச் சத்தமும் இல்லை.

வாண்டு எதிர் நாற்காலியில் கலர் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மேஜையைத் தட்டினேன். அதிர்வில் நிமிர்ந்தாள்.

"கொஞ்ச நேரம் ஆகும்" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

"எவ்ளோ கொஞ்சம்?" என்றாள், தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி.

கணவருக்குப் போன் போட்டேன். லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் கயிறுகளுக்கு நடுவில் நின்றிருந்தார். அந்தக் கணக்கு யார் பெயரில் என்று தெரிந்தே கேட்டேன்.

"அதெல்லாம் அவதான் ஆஸ்பத்திரியில வெச்சு போட்டா. ஒரு போன் பண்ணிக் கேளேன். ரெண்டு நிமிஷ வேலை."

"நீங்க கேளுங்க."

"நான் இங்க தொங்கிட்டு இருக்கேன்மா. உனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இருக்குல்ல?"

இருக்கிறது. "ஹலோ", "பாப்பா ரெடி", "பாப்பா வந்தாச்சு". நான்கு வருடமாக இந்த மூன்றுதான். என்னைவிடச் சின்னவளை அக்கா என்று கூப்பிட முடியாது. பெயர் சொல்லவும் வாய் வராது. அவளுக்கும் அதே கஷ்டம் போல. இருவரும் ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளிவிட்டோம்.

அவளிடம் போய் நிற்பதா? என்னிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது, கொஞ்சம் கொடு என்று? அதுவும் என் தொழிலில்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே திறக்கிறேன் பார் என்று உட்கார்ந்தேன்.

பிரௌசரை மாற்றினேன். வைஃபையை அணைத்தேன். பிரௌசரில் சேர்ந்திருந்த பழைய குப்பைகளையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி திறந்தேன். அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. என் முப்பது பேரும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். கடைசியில் யாருக்கும் நான் சொல்லித்தராத வழிக்குப் போனேன். "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினேன். மறந்தால்தானே, எனக்குத் தெரிந்ததே இல்லை.

ஒரு கேள்வி வந்தது. உரிமையாளர் தானே எழுதி வைத்த ரகசியக் கேள்வி.

"பாப்பா முதலில் கேட்ட சத்தம் எது?"

சிரித்துவிட்டேன். சிரிப்பில் பாதி வயிற்றெரிச்சல். ஏனென்றால் இதற்குப் பதில் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மெஷினை முதன்முதலாக ஆன் செய்கிறார்கள். பெற்றவள் "அம்மா" என்கிறாள். இரண்டு வருடம் எதுவுமே கேட்காத குழந்தை சட்டென்று திரும்புகிறது. நர்ஸ் அழுகிறாள், டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். என் கணவர் இதைச் சொல்லாத விருந்தாளி கிடையாது. பழைய மனைவியைப் பற்றி வேறு எதற்கும் வாய் திறக்காத மனிதர், இதை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். நான் என்ன செய்தாலும், எத்தனை வருடம் அந்த மெஷினைத் துடைத்தாலும், அந்த ஒரு நிமிடத்தில் நான் இல்லை.

அடித்தேன்: அம்மா.

தவறு.

ஆங்கில எழுத்தில் அடித்திருப்பாளோ என்று அதையும் போட்டேன். தவறு. அவள் குழந்தையைக் கொஞ்சும் பெயர் "பட்டு" என்று தெரியும், அதைப் போட்டேன். தவறு. கணக்கு பூட்டப்பட்டது. உரிமையாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது.

தகவல்!

நாற்காலியை விட்டு எழுந்தேன். அடுத்த நிமிடமே போன் அடித்தது. அவள்.

"ஹலோ... அக்கா?"

நான்கு வருடத்தில் முதல் முறை. பயத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது.

"அக்கா, பாப்பாவோட மெஷின் கணக்குல யாரோ நுழையப் பாக்குறாங்களாம். மூணு மெசேஜ் வந்திருச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மெஷினுக்கு ஏதாவது ஆயிடுமா? இதெல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதான், அதான் உங்களுக்குப் பண்ணேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. திருடியிடமே வந்து திருட்டுப் புகார் கொடுக்கிறாள்.

"எனக்குத் தெரியலையே," என்றேன். "நான் அப்டேட் போடலாம்னு உக்காந்தேன். நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா வந்துச்சு."

ஒன்பது வருட விதி என் வாயாலேயே வந்து விழுந்தது.

"நீங்க இருக்கீங்கல்ல, நல்லதாப் போச்சு" என்றாள். நம்பிவிட்டாள். சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "இப்ப என்னக்கா பண்ணணும்?"

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். என் ஹெட்போன் குரல் தானாக வந்துவிட்டது. "பதறாதீங்க. உங்க போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வரும். அதை நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். யார் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லாதீர்கள் என்று நாளைக்கு நாற்பது தடவை ஓதுகிறவள் நான். அவள் நான் முடிப்பதற்குள்ளேயே ஆறையும் ஒப்பித்துவிட்டாள்.

நம்பரைப் போட்டேன். மறுபடி அதே கேள்வி வந்தது.

"இப்ப அந்த ரகசியக் கேள்விக்குப் பதில் கேக்குது," என்றேன். "பாப்பா முதல்ல கேட்ட சத்தம்."

மறுமுனையில் பேக்கிங் மெஷின்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவள் எங்கோ வெளியே நடந்து வந்தாள் போல, இரைச்சல் குறைந்தது.

"பாப்பா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா. மெஷின் சார்ஜர்ல இருக்கு. அவளுக்குக் கேக்காது."

"கதவு" என்றாள்.

"என்ன?"

"கதவுன்னு போடுங்க. அவர் சொல்ற கதை உங்களுக்கும் தெரியும்ல? அது அப்படி இல்லக்கா. ஆஸ்பத்திரியில ஆன் பண்ணினப்ப நான் அம்மா அம்மான்னு தொண்டை வத்துற வரைக்கும் கூப்பிட்டேன். அவ திரும்பவே இல்ல. பொம்மைக் காலைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தா. சத்தம்னா என்னன்னே குழந்தைக்குத் தெரியாது, பழகணும்னு டாக்டர் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தோம். ஆபரேஷன் வீண்னு அவர் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, பெரிய சண்டை. கதவை அறைஞ்சு சாத்திட்டு வெளிய போயிட்டார். அப்பதான் திரும்பினா. கதவைப் பாத்து ஒரே சிரிப்பு. மறுபடி சாத்தச் சொல்லிக் கைய காட்டுறா."

நான் வாண்டைப் பார்த்தேன். பச்சைப் பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு மரத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். அவருக்குத் தாங்கல. மறுநாள் யாரோ கேட்டப்ப, அம்மான்னு கூப்பிட்டதும் திரும்பினான்னு அவரே சொல்லிட்டார். எனக்காகத்தான் சொன்னார். நானும் மறுக்கல. இந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையைப் போட்டேன். உண்மைன்னா மறக்காதுல்ல."

கதவு என்று அடித்தேன். திறந்துவிட்டது.

நான்கு வருடம் நான் பொறாமைப்பட்டது நடக்கவே நடக்காத ஒன்றைப் பார்த்து. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எத்தனை முறை ஓடியிருப்பேன்! நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை. அந்த நிம்மதியை நினைத்து என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கணக்கின் உள்பக்கம் விரிந்தது. மேலே ஒரு மஞ்சள் பட்டை: உங்கள் ரகசியக் கேள்விக்கான பதிலை மாற்றவும். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். கீழே முதன்மைப் பெற்றோர் என்று அவள் பெயர். பக்கத்தில் "மாற்று" என்று ஒரு பொத்தான். அதற்கும் கீழே, "புதிய நபரைச் சேர்". சேர்த்தால் யாராகச் சேர்ப்பது? பெற்றோர், பாதுகாவலர், உதவியாளர்.

"உங்க கணக்குல என்னையும் சேர்த்தாதான் இங்கருந்து இறக்க முடியும்," என்றேன். "மூணு வகை இருக்கு. எதைப் போடட்டும்?"

"எனக்கு அதெல்லாம் என்னக்கா தெரியும். எது வேணுமோ போட்டுக்குங்க."

அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சோதனையாகப் போய்விட்டது. மவுஸ் அம்பு "மாற்று" மேல் போய் நின்றது. நானாக நகர்த்தவில்லை என்று சொல்லமாட்டேன், அந்தப் பொய் இன்றைக்கு ஒருமுறை போதும். ஒரு அழுத்து அழுத்தினால் முதன்மைப் பெற்றோர் நான். அவளுக்குத் தெரியவே தெரியாது. இனி எந்த அப்டேட்டுக்கும், எந்த மெசேஜுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் எந்தக் கடிதத்துக்கும் முதலில் என் பெயர். பிரஷ்ஷால் அழுக்கெடுத்த ஒவ்வொரு நாளுக்கும் இது நியாயம்தானே என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. விரல் தயாராகவும் இருந்தது.

"கிடைச்சிருச்சாக்கா?" என்றாள் அவள்.

அந்த "அக்கா"தான் கெடுத்தது. அம்பைக் கீழே இழுத்து, பாதுகாவலர் என்பதைத் தேர்ந்தெடுத்து என் பெயரை அடித்தேன். பதிவிறக்கம் தொடங்கியது. பதினொரு நிமிடம் ஆகும் என்றது.

"அந்த மூணு மெசேஜும் நான்தான்," என்றேன். "உங்ககிட்ட கேக்கப் பிடிக்கல. நானே திறக்கப் பாத்தேன்."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"என்ன அடிச்சீங்க?"

"அம்மா."

ஒரு மாதிரி சிரித்தாள். "அது தப்புன்னு வந்திருக்குமே."

"வந்துச்சு."

"போன வாரம் டிக்டேஷன்ல நாலு வாங்கினாளாமே. அவர் மிஸ்கிட்ட பேசினப்புறம் எனக்குச் சொன்னார். உங்ககிட்ட மட்டும் வந்தன்னிக்கே காட்டிட்டேன்னு அவர்கிட்ட சொன்னாளாம். அன்னிக்கு சாயங்காலம் எங்கிட்ட போன்ல பேசினா, மார்க் பத்தி மூச்சு விடல. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலக்கா. உங்க மேல அப்படி ஒரு எரிச்சல். சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவா? அந்தப் பதினொரு நிமிடத்தில் என் காதில் அதைவிட இனிப்பாக எதுவும் விழவில்லை. என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது. எட்டாய் மடித்த அந்தப் பேப்பரை இப்போதே பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் போலிருந்தது.

பதிவிறக்கப் பட்டை நிறைந்தது. ஆரஞ்சு விளக்கு பச்சையானது. மெஷினை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போனேன். வாண்டின் முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் மாட்டி, அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். புது அப்டேட் போட்ட பிறகு முதலில் கேட்பது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கதவோ ஆஸ்பத்திரியோ, போனது போகட்டும். இதுவும் ஒரு ஆரம்பம்தானே. இந்த முறை அந்த நிமிடத்தில் நான் இருக்கிறேன். "வாண்டு" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றது மேஜையிலிருந்த போன்.

வாண்டின் தலை சட்டென்று திரும்பியது. என்னைத் தாண்டி, லேப்டாப்பைத் தாண்டி, நேராகப் போனைப் பார்த்தது. கண் இரண்டும் விரிந்தன.

"அம்மா!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வாண்டு நாற்காலியிலிருந்து குதித்து, போனை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். "அம்மா, உன் குரல் கிட்டக்க கேக்குது! பக்கத்துல இருக்க மாதிரி! அம்மா, நான் மரம் வரைஞ்சேன்..."

நான் முட்டிபோட்டபடியே இருந்தேன். திறந்த வாயை மூடிக்கொள்ள நினைவு வரச் சற்று நேரமானது. துடைத்து, மாட்டி, பதினொரு நிமிடம் காவல் காத்தவள் நான். முந்திக்கொண்டவள் அவள். அதுவும் வேண்டுமென்று செய்யவில்லை, லைன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். சண்டை போடக்கூட வழியில்லை.

எழுந்து லேப்டாப் முன் உட்கார்ந்தேன். மஞ்சள் பட்டை இன்னும் அங்கேயே இருந்தது. அழுத்தினேன். பாப்பா முதலில் கேட்ட சத்தம் எது? புதிய பதிலைத் தரவும். காலியான கட்டத்தில் கோடு விட்டுவிட்டுத் துடித்தது. எது வேண்டுமானாலும் போடலாம், பாதுகாவலருக்கு அந்த அனுமதி உண்டு.

வயிறு எரியத்தான் எரிந்தது. அந்த எரிச்சலோடே, எழுத்துப்பிழை வராமல் நிதானமாக அடித்தேன்: அம்மா.

கொஞ்ச நேரம் முன்பு தவறு என்று தள்ளிய அதே சொல்லை இப்போது ஏற்றுக்கொண்டது. வாண்டு பேசி முடித்ததும் போனை வாங்கி, "பதிலை மாத்தியிருக்கேன், குறிச்சு வெச்சுக்கங்க" என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் பேச்சு இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை.